ஒன்பது பேர் மூச்சில் தேறிய கையுறை

அரசுப் பொருள் பரிசோதனைக் கூடத்தில் பொய் சொல்லத் தெரியாத ஊழியர் ஒருவர்தான் இருந்தார். அவர் ஓர் இயந்திரம்.

ஆள் தையல் மிஷின் பெட்டி அளவுதான். உச்சந்தலையில் மிளகு பருமனில் ஒரு வைரம். சந்தேகத்துக்குரிய பொருளை அந்த வைரத்தின் மேல் வைத்துத் திருகாணியை இறக்கினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கீழேயிருந்து வந்து பொருளைத் தொட்டுவிட்டுத் திரும்பும். ஒவ்வொரு பொருளும் தனக்குப் பிடித்த ஒளியை மட்டும் விழுங்கிக்கொண்டு மிச்சத்தை அனுப்பிவிடும். விழுங்கிய இடத்திலெல்லாம் திரையில் ஓடுகிற கோடு பள்ளமாக இறங்கும். பள்ளம் எங்கே என்று பார்த்தால் போதும், ரப்பரா பிளாஸ்டிக்கா, தோலா துணியா என்று சொல்லிவிடலாம்.

அந்தக் கோட்டைப் படிக்கிறவர் பரிசோதகர் அம்மா. பதினெட்டு வருடமாகப் படிப்பதால் அலுவலகத்தில் அவருக்குக் 'கோட்டம்மா' என்றே பெயராகிவிட்டது. அதில் அவருக்கு வருத்தமில்லை. பியூனை 'முத்திரை' என்றும் மேலாளரை 'நாளைக்கு வா' என்றும் கூப்பிடுகிற இடத்தில் கோட்டம்மா கௌரவமான பெயர்தான்.

ஒரு திங்கட்கிழமை துப்புரவுப் பணியாளர் சங்கச் செயலாளர் வந்தார். நாற்பது வயதுப் பெண். சாக்கடைக் குழியில் இறங்கி அடைப்பு எடுக்கிற வேலை. மேசைமேல் ஒரு ஜோடி நீலக் கையுறையை வைத்தார். பக்கத்திலேயே தன் வலது கையையும் வைத்தார். மூன்று விரலில் தோல் உரிந்து, உள்சதை சிவந்திருந்தது.

"நைட்ரைல் ரப்பர்னு உறையில போட்டிருக்கான்மா. எண்ணெய் பட்டாலும் ஆசிட் பட்டாலும் ஒன்னும் ஆகாதாம். ரெண்டாம் நாளே விரலிடுக்குல வெடிச்சிருச்சு. அரசாங்கம் வாங்கி பத்தாயிரம் ஜோடி வந்து இறங்கியிருக்கு. இது ரப்பர்தானான்னு மட்டும் சொல்லுங்க."

"வலிக்குதா அக்கா?"

"சோறு பிசையும்போது மட்டும்."

கோட்டம்மா கத்தரிக்கோலை எடுத்தார். கையுறையில் ஒரு துண்டு நறுக்கி வைரத்தின் மேல் வைத்தார். நைட்ரைல் ரப்பராக இருந்தால், திரையின் அடியில் ஓடும் எண்களில் இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது என்ற இடத்தில் ஊசி குத்தினாற்போல் ஒரு பள்ளம் விழ வேண்டும். கோடு அந்த இடத்தைக் கழுவிவிட்ட தரைபோல வழுக்கிக்கொண்டு போயிற்று. மற்றப் பள்ளமெல்லாம் சேர்ந்து ஒரே குரலில் சொல்லின: மலிவுப் பிளாஸ்டிக்.

'நைட்ரைல் இல்லை' என்று அறிக்கை எழுதி, இயக்குநர் அறைக்கு எடுத்துப்போனார்.

இயக்குநர் அப்போதுதான் 'நேர்மறை நிர்வாகம்' என்ற பத்து நாள் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். அது அந்த வருடத்து மோகம். எல்லாத் துறைத் தலைவர்களும் சட்டைப்பையில் சிரிக்கிற சூரியன் வில்லை ஒன்றைக் குத்திக்கொண்டு அலைந்தார்கள். இவர் ஒருபடி மேலே போய், அலுவலகத்தில் 'இல்லை' என்ற சொல்லையே சுற்றறிக்கை போட்டு நீக்கியிருந்தார். கழிப்பறைக் கதவில்கூட 'தண்ணீர் வர இருக்கிறது' என்றுதான் எழுதியிருந்தது.

"என்னம்மா இது, கோடு பூரா கீழேயே இறங்குது?"

"ஒளியை விழுங்கின இடம் சார். பள்ளமாத்தான் விழும்."

"நம்ம துறையில பள்ளமா? அமைச்சர் பார்த்தா என்ன நினைப்பார்? மேலே ஏத்துங்க."

அதற்கு இயந்திரத்திலேயே ஒரு பொத்தான் உண்டு. எவ்வளவு ஒளி திரும்பியது என்பதற்குப் பதில், எவ்வளவு விழுங்கப்பட்டது என்று வரையச் சொன்னால் பள்ளமெல்லாம் மலையாகிவிடும். கோட்டம்மா வரைந்து எடுத்து வந்தார்.

"பார்த்தீங்களா! மனசு வெச்சா மலை வருது."

"மலை வந்தாலும் அதே பிளாஸ்டிக்தான் சார். நைட்ரைல் இல்லை."

இயக்குநர் வில்லையைத் தடவிக்கொண்டார். "அந்தச் சொல் வேண்டாம்மா. இருக்குன்னு நினைச்சுப் பார்த்தா இருக்கும். தனியா பார்த்ததால உங்க கண்ணுக்குப் படலை. ஒரு குழு போடறேன்."

மேற்படி பொருள் குறித்து ஆழ்ந்து பரிசீலிக்கும் பொருட்டு ஒன்பது உறுப்பினர் கொண்ட உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. இயக்குநரே தலைவர். ஒன்பது பேரும் ஒரு புதன்கிழமை, வயிறு நிறைய டிபன் சாப்பிட்டுவிட்டு, எட்டடிக்குப் பத்தடி அறைக்குள் நுழைந்தார்கள். அதற்குள் கோட்டம்மா வழக்கம்போல் வெறும் காற்றை அளந்து வைத்துவிட்டார். அந்தக் காற்றைக் கழித்துவிட்டுத்தான் இயந்திரம் பொருளைக் காட்டும். கையுறைத் துண்டை வைத்ததும் ஒன்பது தலையும் இயந்திரத்தின் மேல் கவிழ்ந்தன. மாடிப்படி ஏறி வந்த இளைப்பு வேறு.

கோடு ஓடியது. இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பதில் மளமளவென்று ஒரு மலை எழும்பியது.

"அதோ!" என்று கூவினார் இயக்குநர். "நைட்ரைல்!"

"அது நைட்ரைல் இல்லை சார்," என்றார் கோட்டம்மா. "அது உங்க மூச்சு. மனுஷன் விடற மூச்சுல இருக்கிற கரியமில வாயு அந்த இடத்துலதான் தெரியும்."

"நைட்ரைல் எங்க வரணும்?"

"இரண்டாயிரத்து இருநூத்தி நாற்பதுல."

"இது?"

"முந்நூத்தி அம்பது."

"நூத்திப்பத்து வித்தியாசத்துக்கா இவ்வளவு பேச்சு?" என்றார் சட்ட உறுப்பினர். "பஸ்ஸே நிறுத்தத்துல சரியா நிக்கறதில்லை."

கோட்டம்மா விடவில்லை. அவர்களை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு, காற்று தெளியக் காத்திருந்து, ஒதுங்கி நின்று மறுபடி அளந்தார். மலை மாயம். உள்ளே கூப்பிட்டார். மலை எழுந்தது. மூன்று தடவை இப்படிப் போகவும் வரவும் செய்தபின் இயக்குநர் தீர்ப்புச் சொன்னார்.

"தெளிவாயிடுச்சு. நாம இருந்தா நைட்ரைல் இருக்கு, போனா போயிடுது. மேலதிகாரி முன்னால ஒழுங்கா நடந்துக்குது. இதைவிட ஒரு அரசாங்கப் பொருள்கிட்ட என்ன எதிர்பார்க்க முடியும்? சான்றிதழ் எழுதுங்க."

கோட்டம்மாவுக்குக் கோபம் வந்தது. எழுத மறுத்தால் வேறொருவர் எழுதுவார். அதனால் உட்கார்ந்து, பார்த்தது பார்த்தபடி எழுதினார்: 'குழுவினர் ஒன்பது பேரும் நேரில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் வரை மட்டுமே இக்கையுறை தரமானதாகக் காணப்படுகிறது.' கீழே தன் கையெழுத்தைப் போட்டார். ஒன்பது பேரும் படிக்காமலே ஒன்பது கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை விழுந்தது.

படித்தவர் ஒரே ஒருவர், சங்கச் செயலாளர். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார். மறுநாளே மனு கொடுத்தார்: சான்றிதழின்படி, குழியில் ஆள் இறங்கும்போதெல்லாம் ஒன்பது அதிகாரிகளும் குழியருகே வந்து மூச்சு விட வேண்டும், அதுவரை யாரும் இறங்கமாட்டோம்.

நான்கு நாளில் நகரம் நாறிவிட்டது. ஐந்தாம் நாள், வேறு வழியில்லாமல், ஒன்பது பேரும் கடைத்தெருக் குழிக்கு வந்து சேர்ந்தார்கள். நாற்காலி போட்டிருந்தது. கூட்டம் கூடியிருந்தது. செயலாளர் கையுறையை மாட்டிக்கொண்டு குழியின் மூடியை நகர்த்தினார்.

ஒன்பது கையும் ஒன்பது மூக்கைப் பொத்தின.

"சார், மூச்சு விடுங்க," என்றார் செயலாளர்.

இயக்குநர் தலையை மட்டும் ஆட்டினார். முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

"நீங்க விட்டாத்தான் சார் இது ரப்பர். விடுங்க!"

"விடுங்க! விடுங்க!" என்றது கூட்டம்.

சட்ட உறுப்பினர்தான் முதலில் விட்டார். விட்டதும் இழுக்க வேண்டியதாயிற்று. இழுத்ததும், காலையில் சாப்பிட்டது அத்தனையும் இயக்குநரின் சூரியன் வில்லை மேல் வந்து விழுந்தது. மற்ற எட்டுப் பேரும் வண்டியை நோக்கி ஓடிய வேகத்தை அத்தெருவில் அதற்கு முன் எந்த அரசுப் பணியிலும் கண்டவரில்லை.

அடுத்த வாரமே அசல் நைட்ரைல் கையுறை வந்தது. கோட்டம்மா தனியாக அளந்தார். இரண்டாயிரத்து இருநூற்று நாற்பதில், ஊசி குத்தினாற்போல் விழுந்தது. செயலாளர் அதை மாட்டி விரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, கோட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருடத்தில் அப்படியொரு நாள் வாய்த்ததில்லை. கோட்டம்மா வீட்டுக்கு நடந்தே போனார்.

வீட்டுக்காரர் வாசலிலேயே முகமெல்லாம் பல்லாக நின்றார். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவருக்கு. ஒரு கால்புள்ளி தப்பினாலும் சோறு இறங்காத மனிதர். இரண்டு கையிலும் நீலக் கையுறை.

"ஏதுங்க இது?"

"உங்க துறைதான் பொதுமக்கள் நலன் கருதி பத்தாயிரம் ஜோடியையும் மலிவு விலையில தள்ளுது. ஒரு ஜோடி வாங்கினா ஒரு ஜோடி இலவசம். வரிசை தெருமுனை வரைக்கும். உங்க இயக்குநர் சம்சாரம்கூட நாலு ஜோடி வாங்கினாங்க. ஆசிட் ஊத்திக் கழிப்பறை கழுவலாமாம்!"

"கூடவே சான்றிதழ் இருந்திருக்குமே. படிச்சீங்களா?"

"சான்றிதழை எவனாவது படிப்பானா?" என்று சிரித்தார் அவர். "கீழே உன் கையெழுத்து இருந்துச்சு. உடனே வாங்கிட்டேன்."