ஆறாம் காம்பராவோடு நின்ற வயர்

சுவருக்கு அந்தப் பக்கம் செவனம்மாவின் சாமான்களை யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கண்ணு அடுப்பூதுவதை நிறுத்திவிட்டுச் சுவரில் காதை வைத்தாள்.

"டீவி ஒண்டு. அயர்ன் ஒண்டு. வேற?"

"ரைஸ் குக்கரு இருக்குங்க சார். போன தீவாளிக்கு வாங்கினது."

'குக்கரு' என்று செவனம்மா இழுத்துச் சொன்ன விதத்தில் அம்மாக்கண்ணுவுக்கு நெஞ்சில் பச்சை மிளகாயைத் தேய்த்தது போல இருந்தது.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். காம்பராவுக்கு ஒரு குடும்பமாகப் பன்னிரண்டு காம்பராக்கள் கொண்ட ஒற்றை வரிசை லயம். ஏழு வருடத்துக்கு முன், தொண்ணூற்றைந்தில், லைட் இழுத்தபோது வயர் ஆறாம் காம்பராவோடு நின்றுவிட்டது. ஆறாவது செவனம்மாவுடையது, ஏழாவது அம்மாக்கண்ணுவுடையது. அன்றிலிருந்து சுவருக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக செவனம்மா வீட்டு வெளிச்சம் கொஞ்சம் இந்தப் பக்கம் ஒழுகும். அந்த வெளிச்சத்தில் அம்மாக்கண்ணு ஒரு வேலையும் செய்யமாட்டாள். குப்பி லாம்பை ஏற்றிவைத்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

எண்ணிக்கொண்டிருந்தவர் குகநேசன், பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த யாழ்ப்பாணத்துக்காரர். அடுத்து அம்மாக்கண்ணுவின் வாசலுக்கு வந்தார்.

"ஒரே லயம், ஒரே வேலை, ஒரே சம்பளம் அக்கா. வயர் இந்த இடத்தில முடிஞ்சது தற்செயல். ஒருத்தரும் தெரிஞ்செடுக்கேல்லை. லைட் வந்த பக்கம் கூடுதலா முன்னேறியிருந்தா, அது லைட்டாலதான் எண்டு சொல்லலாம். நாங்கள் செய்யாமல் தானா நடந்த பரிசோதனை இது."

அம்மாக்கண்ணு முந்தானையில் இல்லாத தூசியைத் தட்டினாள்.

"அப்ப அவ வீடும் எங்க வீடும் ஒரே பொஸ்தகத்துல வருமா சார்?"

"ஒரே தாளில வரும். பக்கத்துப் பக்கத்தில."

"நாளைக்கு வாங்க. வீடு கலைஞ்சி கெடக்கு."

சாயந்தரத்துக்குள் அம்மாக்கண்ணு வீட்டுக்கு எட்டாம் காம்பரா பிரேமினியின் பேட்டரி ரேடியோ வந்தது. பத்தாம் காம்பரா வீரய்யாவின் தையல் மெஷின் வந்தது. பன்னிரண்டாம் காம்பராவின் இரும்பு அலுமாரியை நாலு பேர் தூக்கிவந்தார்கள்.

மறுநாள் குகநேசன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாசலுக்குப் போனதும், பிரேமினி பின்கதவால் ஓடிவந்தாள்.

"அக்கா, அடுத்தது எங்க வீடு. ரேடியோவக் குடுங்க. மெஷினையும் அலுமாரியையும் குடுங்க. ஒங்கள விட நாங்க என்ன கொறச்சலா?"

பொறாமைக்கு வயர் வேண்டியதில்லை. காம்பரா காம்பராவாக அது தானே போய்ச் சேர்ந்தது. முன்வாசலில் குகநேசனுக்குத் தேத்தண்ணி கொடுத்து நிறுத்திவைப்பார்கள். பின்பக்கமாக அலுமாரி அடுத்த வீட்டுக்கு நடக்கும். பன்னிரண்டாம் காம்பராவில் ஆறாவது தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவர் புத்தகத்தை மூடினார்.

"ஆறு அலுமாரியும் ஒரே கடையிலயா வாங்கினீங்கள்?"

"மொத்தமா வாங்கினோமுங்க," என்றார் வீரய்யா, மூச்சு வாங்கிக்கொண்டே.

"லைட் இல்லாத பக்கம்தான் கூடுதலா முன்னேறியிருக்கு. அப்ப லைட்டால பிரயோசனமில்லை எண்டுதான் எழுதவேணும். மிச்ச ஆறு காம்பராவுக்கும் லைட் குடுக்கிறதோ எண்டு இந்த அறிக்கையைப் பாத்துத்தான் மேலிடம் முடிவெடுக்கும்."

ஆறு வீட்டுக் கண்களும் அம்மாக்கண்ணுவின் மேல் விழுந்தன. தன் வாசலில் வெற்றிலை மென்றபடி செவனம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டிலேயே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் அம்மாக்கண்ணுவுக்குத் தோன்றியது. இருட்டு பழகிய நோவு. செவனம்மா எதிரில் ஒன்றுமில்லையென்று சொல்வது புது நோவு.

"எல்லாம் எரவல் சாமான் சார்," என்றாள் கடைசியில், தரையைப் பார்த்து. "எங்ககிட்ட ஒண்ணுமில்ல. அப்பிடியே எழுதிக்கிடுங்க."

செவனம்மா சிரித்தாள். குகநேசனுக்கோ நிம்மதி.

"பரவாயில்லை அக்கா, திரும்ப எண்ணலாம். வயர் தற்செயலா முடிஞ்சது எண்டது உண்மையெண்டால் போதும், ஆராய்ச்சி நிலைச்சு நிக்கும்."

காலையிலிருந்து ஆறாம் காம்பராக் கூரையில் வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த தோட்டத்து எலக்ட்ரீசியன் பழனியாண்டி, அங்கிருந்தே எட்டிப் பார்த்தான்.

"வயரு எங்கங்க சார் முடிஞ்சிச்சி? மிச்சச் சுருளு இன்னும் ஸ்டோர்ல கெடக்கு. அன்னைக்கி எல்லாரும் கொழுந்தெடுக்கப் போயிருந்தாங்க. நான்தான் வம்பு வேணாம்னு 'வயர் பத்தல'ன்னு எழுதிக் குடுத்தேன். 'செவனம்மா வீட்டத் தொட்ட வயரு என் கூரை மேல போகக்கூடாது'ன்னு ஏணியப் புடிச்சி என்னெய எறக்கிவிட்டது இந்த அம்மாக்கண்ணு அக்காதான்."