ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள்

கஹவத்தை,
ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், 1938.

அன்பும் கண்ணியமும் உள்ள மருமகன் தாஸிம் அவர்களுக்கு, மாமா கபூர் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இறைவன் கிருபையால் இவ்விடம் யாவரும் சுகம். கொழும்பில் நீங்களும் மகள் ஆஸியாவும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். இனி, நீங்கள் அன்பளிப்பாக அனுப்பிய ஐஸ் பெட்டியைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள்.

அடியில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தால் மேலே ஐஸ் உறையும் என்று எழுதினீர்கள். உறைகிறது. அதில் எனக்குக் குறையில்லை. சூடான சட்டியை வைக்கக் கூடாது, பச்சை மீனைச் சமைத்த சாப்பாட்டுக்கு மேல் வைக்கக் கூடாது, கதவை அடிக்கடி திறக்கவே கூடாது என்று நீங்கள் போட்ட சட்டங்களையும் உங்கள் மாமி றுகையா ஒழுங்காகவே பின்பற்றினாள். கெடுத்தது ஊர் வாய்.

பல வருஷமாக பெருநாளில் ஊரார் அறுக்கும் குர்பான் இறைச்சியை ஏழைகளுக்குப் பங்கு வைப்பவன் நான். முன்பெல்லாம் பின்னேர அஸர் தொழுகைக்குள் கொடுத்து முடிக்காவிட்டால் இறைச்சி நாறிவிடும், ஆகவே யாரும் என்னைச் சந்தேகித்ததில்லை. இந்த முறை நம் வீட்டுப் பங்கையும் சேர்த்தே கொடுத்தேன். ஆனாலும் நான் கை கழுவுவதற்குள் இந்தப் பொறுப்பின்மேல் வெகுநாளாய்க் கண்ணுள்ள சாலி நானா பள்ளிவாசல் முற்றத்தில் நின்று, "கபூருக்கு என்ன அவசரம்? ஏழைட பங்க அடுத்த பெருநாள் வரைக்கும் வெச்சித் தின்னேலும். ஊட்டுல பெட்டி ஈக்கிதே!" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அவரைக் கையோடு இழுத்துவந்து, கதவைத் திறந்து, "பாருங்க நானா! இதுக்குள்ள ஒரு துண்டு குர்பான் எறச்சி ஈந்தா நான் இனிமே பங்கு வெக்க வரமாட்டேன்" என்றேன். பார்த்தார், போனார். சும்மா போனாரா? ஊரையே அனுப்பிவிட்டார்.

அன்று தொடங்கிய வரிசை இன்னும் ஓயவில்லை, பக்கத்து வீட்டு றஹீமா ராத்தா வந்தார், திறந்தேன், அவர் தன் சம்பந்தியைக் கூட்டிவந்தார், அதற்கும் திறந்தேன், வீட்டோடு இருக்கும் நம் கடைக்குக் கருவாடு வாங்க வந்த தோட்டத்துக் கங்காணி முத்துவீரன்கூட, "மொதலாளி, நான் எறச்சி பாக்க வரலீங்க, அந்தக் குளிரக் கொஞ்சம் மூஞ்சில வாங்கிக்கிறேங்க" என்று தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கிறான், திறக்காவிட்டால் ஒளிக்கிறேன் என்பார்கள், திறந்தால் குளிரெல்லாம் கடைத்தெருவுக்குப் போகிறது, பால் திரைந்துவிட்டது, தேடுகிறேன் பேர்வழி என்று ஆளாளுக்குச் சட்டிகளை இடம் மாற்றியதில் மீன் மேல்தட்டுக்கு ஏறி, அதன் தண்ணீர் பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தில் சொட்டி, அதைத் தெரியாமல் சாப்பிட்ட பள்ளிவாசல் லெப்பை நேற்றிலிருந்து தொழவைக்க எழும்பவில்லை. அந்தப் பழியும் என் தலையில்.

பொறுத்தது போதும். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பெட்டியைப் பள்ளி முற்றத்துக்கே தூக்கிவந்து, ஜமாஅத்தார் எல்லோர் முன்னிலையிலும் மூலைமுடுக்கெல்லாம் திறந்து காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். பங்கு வைக்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதா, சாலி நானாவிடம் போவதா என்பது அங்கேயே முடிவாகட்டும். முடிந்த கையோடு பெட்டியை லொறியில் ஏற்றி உங்களுக்கு அனுப்புகிறேன்.

உங்கள் இருவருக்கும் இறைவன் நீண்ட ஆயுளையும், ஊர் வாயில் விழாத வாழ்வையும் தந்தருள்வானாக.

இப்படிக்கு,
மாமா கபூர்

பி.கு.: எழுதியதை உங்கள் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. ஐஸ் உறையும் தட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறதாம். "எங்கட பங்குதானே? மருமகனுக்கெண்டு ஒரு தொட எடுத்து வெச்சதுக்கு ஏன் இப்பிடிக் கத்துற?" என்கிறாள். கல்லாக உறைந்து, தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கத்தியாலும் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டேன், இளகியதும் சமைக்கச் சொல்கிறேன். வெள்ளிக்கு முன் எப்படியாவது வந்து சேருங்கள். ஆஸியாவையும் கூட்டி வாருங்கள், பெரிய தொடை.