முதலில் மௌத்தாகும் வாப்பா

மகளை ஹொஸ்டலுக்கு அனுப்புவதில்லை என்று நான் உறுதியான முடிவெடுத்தேன். உறுதி என்றால் அப்படி ஓர் உறுதி. மேசையில் ஓங்கி அடித்ததில் அதிலிருந்த ஸ்குரூ ஆணியெல்லாம் துள்ளிக் கீழே விழுந்தன. பிறகு நானே குனிந்து பொறுக்கினேன்.

முடிவெடுத்த இடம் கல்முனைக்குடியில் உள்ள என்னுடைய மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடை. வீட்டில் முடிவெடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அந்த வீடு என் மனைவி பாஹிமாவின் சீதன வீடு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்ததும் ஆண்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நானும் போனேன். பத்தொன்பது வருசமாகிறது. அந்தப் பெட்டியை வைக்க இன்னும் ஒரு நிரந்தரமான இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள், ஸஹ்லா. வயது பதினாறு. ஓ.எல். பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுத்தாள். கண்டிப் பக்கத்தில் ஒரு பெரிய பாடசாலை ஏ.எல். படிக்க அவளுக்கு இடம் தந்தது, ஹொஸ்டலோடு. மாதம் முடிவதற்குள் படிவம் போக வேண்டும்.

"ஏன், நம்மட ஊர்ல பாடசாலை இல்லையா?" என்று பாஹிமாவிடம் கேட்டேன்.

"இரிக்கி."

"அப்ப?"

"அப்ப என்ன அப்ப? புள்ள அங்க படிக்க ஆசப்படுறா."

"ஹொஸ்டல் சாப்பாடு ஒத்துக்காது."

"உங்கட உம்மாட சமையலே எனக்கு ஒத்துக்கல்ல. நான் உசிரோடதானே இரிக்கன்?"

"கண்டி குளிர்."

"ஸ்வெட்டர் எண்டு ஒரு சாமான் இரிக்கி. கேள்விப்பட்டிரிக்கீங்களா?"

மூன்றாவது காரணம் ஒன்று என்னிடம் இருந்தது. அதுதான் உண்மையான காரணம். அதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு நான் ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போதே ஸஹ்லா ஓடி வந்து கேட்டைத் திறந்து விடுவாள். நடக்கப் பழகிய காலத்தில் தொடங்கிய பழக்கம். பூட்டு எட்டாத வயதில் கேட்டுக்கு உள்ளே நின்று குதித்துக்கொண்டிருப்பாள். அவள் போய்விட்டால் நான் வந்து, இறங்கி, நானே திறந்து, நானே உள்ளே போக வேண்டும். ஆனால் இதைப் பாஹிமாவிடம் எப்படிச் சொல்வது? "கேட் திறக்க ஆளில்ல எண்டதுக்கா புள்ளட படிப்ப நிப்பாட்டப் போறீங்க?" என்று கேட்பாள்.

அப்போதுதான் மூளையில் கரண்ட் வந்தது. தாய்க்கும் மகளுக்கும் பேய்ப் படம் என்றால் உயிர். பேய்ப் படத்தாலேயே அவர்களை மடக்கினால் என்ன?

பாஹிமாவின் கூடப் பிறந்த நானாவின் மகன் ஸஜாத் கல்முனையில் போன் கடை வைத்திருக்கிறான். அவனிடம் ஒரு பென் ட்ரைவைக் கொடுத்தேன்.

"நாலு பேய்ப் படம் போட்டுத் தா மகன்."

"மாமாவுக்கா?"

"கேள்வி கேக்காத. ஹொஸ்டல் வாற படமா இரிக்கோணும். பொம்புளப் புள்ளையள்ற ஹொஸ்டல். நீட்டு கொரிடோர். பாத்தா ஒருத்தியும் ஹொஸ்டல் பக்கமே தல வெச்சுப் படுக்கப்படா."

"நாளைக்கு வாங்க மாமா. தேடிப் போட்டுத் தாறன்."

உடனே தரக்கூடியதை ஏன் நாளைக்கு என்கிறான் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து, சோறும் தின்று, திரைச்சீலைகளை இழுத்து மூடி, மூவரும் டீவிக்கு முன்னால் இருந்தோம். பட்டப் பகலில் பேய் பார்ப்பதில் ஒரு கரைச்சல் உண்டு. சவப்பெட்டி மெதுவாகத் திறக்கும் நேரம் பார்த்து மீன்காரர் ஹோர்ன் அடிப்பார். பாஹிமா எழும்பிப் போய்ச் சூரை மீன் வாங்கிக்கொண்டு வருவாள். பேய் அதுவரைக்கும் வாயைத் திறந்தபடி நிற்க வேண்டும்.

படத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஐந்து பேர் சென்னைத் தமிழில் கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஸஹ்லா மடியில் ஒரு கொப்பியை விரித்து வைத்திருந்தாள்.

"வாப்பா, பாருங்க. உடம்பு காட்டுறவன் ஒருத்தன். மேக்கப் போட்டவ ஒருத்தி. பகிடி விடுறவன் ஒருத்தன். கண்ணாடி போட்டுப் புத்தகம் வாசிக்கிறவ ஒருத்தி. கறுப்பு உடுத்து ஒருத்தரோடயும் கதைக்காதவ ஒருத்தி. எல்லாப் படத்திலயும் இந்த அஞ்சு பேரும்தான்."

"கறுப்பு உடுத்தா என்னவாம்?"

"அவகிட்ட ஏதோ மர்மம் இரிக்கி எண்டு அர்த்தம்."

கல்முனை பஸ் நிலையத்தை நினைத்துப் பார்த்தேன். காலை ஏழரைக்கு அங்கே கறுப்பு அபாயாவோடு குறைந்தது இருநூறு மர்மம் நிற்கும்.

"இந்த வயசுப் புள்ளையள் எல்லாம் இப்புடித்தானா மகள்? கதவப் பூட்டுறதும், காதுல வயர மாட்டுறதும், உம்மா வாப்பாவோட எரிஞ்சு விழுறதும்?"

"அப்புடியில்ல வாப்பா. அம்பது வயசு ஆம்புளதான் பதினாறு வயசுப் புள்ளைக்கு வசனம் எழுதுறார். அவருக்கு எங்கள இந்த அஞ்சு வகையிலதான் தெரியும்."

"நீ எந்த வகை?"

"நான் பாத்துப் பாத்துக் கொப்பியில எழுதுற வகை. அந்த வகையப் படத்துல போடுறதில்ல."

"வாப்பாமார் எப்புடி?"

"வாப்பாமாரும் ஒரு வகதான். மகள் ஹொஸ்டலுக்குப் போப்போறன் எண்டா, 'இந்த வீட்ட விட்டு ஒருத்தரும் போகக்கூடாது' எண்டுவார். ஏதும் சத்தம் கேட்டா, 'காத்தாயிருக்கும்' எண்டுவார். பதினெட்டாம் நிமிசம் மௌத்து."

நான் சிரித்தேன். திரையில் ஒரு பல்ப் விட்டு விட்டு எரிந்தது.

"அது பேயில்ல," என்றேன். "ஹோல்டர் லூஸ். ஒரு படத்திலயாவது எலக்ட்ரீசியனக் கூப்பிடுறானுகளா பாரு."

யன்னல் படாரென்று அடித்தது. படத்து வாப்பா தலையை நிமிர்த்தி, "காற்றாக இருக்கும்," என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாகப் பதினெட்டு நிமிடம். மனிதர் படியில் உருண்டு கொண்டிருந்தார்.

"பாவம் மனிசன்," என்றாள் பாஹிமா, வடையைக் கடித்தபடி.

அவருடைய மகள் வீட்டை விட்டுத் தப்பி ஹொஸ்டலுக்கு ஓடினாள். இனிமேல்தான் இருக்கிறது என்று நான் கதிரையின் நுனிக்கு வந்தேன். ஹொஸ்டலில் நல்ல வெளிச்சம். வார்டன் அம்மா சிரித்த முகம். தேத்தண்ணி கொடுத்தாள். படம் முடிந்தது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை வாப்பா பன்னிரண்டாம் நிமிடத்தில் போனார். மூன்றாவது வெள்ளிக்கிழமை படத்தின் பேர் போடுவதற்கு முன்பே போய்விட்டார்.

"அநியாயம்!" என்று எழும்பினேன். "படத்துக்கு இன்னும் பேரே வெக்கல்ல! அதுக்குள்ள மையத்து விழுந்திட்டு!"

ஸஜாத்துக்குப் போன் எடுத்தேன். "டேய், பேய் ஹொஸ்டல்ல இல்லயே! எல்லாப் பேயும் வீட்டுலயல்லவா இரிக்கி!"

"இப்ப வாற படமெல்லாம் அப்புடித்தான் மாமா. ஹொஸ்டல் கேட்டீங்க. ஹொஸ்டல் இரிக்கிதானே?"

இதற்கிடையில் எங்கள் வீட்டிலும் சில அடையாளங்கள் தென்படத் தொடங்கின. அஸர் தொழுகை நேரம் குசினிக்குள் போனேன். பல்ப் விட்டு விட்டு எரிந்தது. பாத்ரூம் கதவு யாருமே தொடாமல் கிரீச் என்று முனகியது. பைப்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பின் யன்னல் படார் என்று அடித்தது. "காத்தாயிரு…" என்பது வரை என் வாயில் வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். காவலுக்கு ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே ஏணியை எடுத்தேன்.

அன்று பின்னேரமே பல்ப் ஹோல்டரை மாற்றினேன். கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டேன். பைப்புக்கு வாசர் போட்டேன். யன்னலுக்குக் கொளுக்கி அடித்தேன்.

பாஹிமா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ன, இண்டைக்குக் கடை இல்லையா?"

"சும்மா… நேரம் கிடந்திச்சு."

"ஆறு மாசமாச் சொன்னன். அப்ப கிடக்கல்ல."

மறுநாளிலிருந்து அவளுக்கும் அடையாளங்கள் தெரிய ஆரம்பித்தன. "இஞ்சாருங்க, முன் அறை ஃபேனுக்குள்ள ஆரோ அழுற மாதிரிக் கேக்குது," என்பாள். நான் ஃபேனைக் கழற்றிப் பெயரிங் மாற்றுவேன். "வெளி லைட்டு தானா எரியுது, தானா நூருது," என்பாள். ஏணியோடு ஓடுவேன். ஊர் முழுக்க மோட்டார் திருத்துகிறவன் பத்தொன்பது வருசத்தில் முதல் தடவையாகத் தன் மனைவியின் வீட்டைத் திருத்தினேன். ஒரு கிழமையில் அந்த வீட்டில் ஓர் ஆணி கூட முனகவில்லை.

நாலாவது வெள்ளிக்கிழமை வந்தது. படிவம் மேசையில் கிடந்தது, பக்கத்தில் பேனை. படத்தின் நடுவே நான் குளிர்ந்த தண்ணீர் எடுக்க எழும்பினேன். ஸஹ்லா தன் கொப்பியிலிருந்து உம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பேய் எண்டா ஆரு? தனக்குச் சொந்தமில்லாத வீட்டில இருக்கும். சும்மா சும்மா அங்கயும் இங்கயும் நடக்கும். பசியில்லாட்டியும் ஃபிரிஜ்ஜத் தொறந்து தொறந்து பாக்கும். அது கதைக்கிறது ஒருத்தருக்கும் கேக்காது. அந்த வீட்டை விட்டு ஒருத்தரையும் வெளியே போக விடாது."

பாஹிமா என்னைப் பார்த்தாள். ஸஹ்லாவும் பார்த்தாள். நான் ஃபிரிஜ்ஜை மெதுவாக மூடினேன்.

"ஒரு படத்திலயாவது வாப்பா தப்பல்லயா மகள்?"

"ஒரே ஒரு படத்தில தப்பினார் வாப்பா."

"எப்புடி?"

"மகள பஸ் ஏத்தி உட்டுட்டு, வீட்ட வந்து நிம்மதியாத் தூங்கிட்டார். பேய் அவரத் தேடவே இல்ல."

பேனையை எடுத்தேன். என்னை அறியாமலே வாயிலிருந்து வந்துவிட்டது.

"நீ போனா கேட்ட ஆரு மகள் தொறக்கிற?"

ஸஹ்லா வந்து என் தோளில் நாடியை வைத்துக்கொண்டாள்.

"லீவுக்கு வருவன்தானே வாப்பா. வந்தா நான்தான் தொறப்பன். வேற ஒருத்தரையும் தொறக்க உடாதீங்க."

கையெழுத்துப் போட்டேன். என் பெயரை ஸிராஜ் என்று எழுதிய கோட்டில் 'ஜ்' மட்டும் கொஞ்சம் நனைந்துவிட்டது.

அடுத்த நாள் பென் ட்ரைவைத் திருப்பிக் கொடுக்க ஸஜாத்தின் கடைக்குப் போனேன்.

"மாமிக்கு நாலாவது படம் புடிச்சிச்சாமா?" என்று கேட்டான்.

"மாமிக்கா? படம் கேட்டது நானல்லவா?"

ஸஜாத் நாக்கைக் கடித்தான். பிறகு மெல்லச் சொன்னான். "நீங்க வந்துட்டுப் போனதும் மாமிக்கிட்டச் சொன்னன். மாமிதான் லிஸ்ட் அனுப்பினா. வாப்பா வெள்ளென மௌத்தாகிற படமாப் பாத்துப் போடட்டாம்."

மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஸஹ்லா கேட்டைத் திறந்துவிட்டாள். நேரே போய் மேசையில் கிடந்த படிவத்தைத் தூக்கிப் பார்த்தேன். போட்டோகொப்பி! நான்கு வெள்ளிக்கிழமையும் நான் அதைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடும்போது கண்ணில் தண்ணீர். அசலைப் பதிவுத் தபாலில் அனுப்பிய துண்டு அதன் பின்னால் குத்தியிருந்தது. நான் பென் ட்ரைவ் கொடுத்ததற்கு அடுத்த நாள் தேதி.

தாயும் மகளும் அறைக்குள் சூட்கேஸ் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு நான் கொண்டு வந்து, வைக்க இடம் கிடைக்காத அந்தப் பெட்டியைத்தான் காலி செய்து எடுத்திருந்தார்கள்.

"அசல் போயித்தா?"

"ஓம். போய் ஒரு மாசம்," என்றாள் பாஹிமா.

"என்ட கையெழுத்தில்லாமலா?"

"தாய் அல்லது தகப்பன் எண்டு போட்டிரிந்திச்சு. நான் தாய்தானே?"

"அப்ப என்ன ஏன் நாலு வெள்ளிக்கிழமை சாகடிச்ச?"

பாஹிமா ஒரு ஸ்வெட்டரை மடித்தபடி சொன்னாள். "நீங்களா ஓமெண்டு சொன்னாத்தான் புள்ள அழாமப் போவா. அதுக்குத்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தாள். "பொறகு அந்தப் பாத்ரூம் கதவு, பைப்பு, ஃபேனு… உங்கள வேற எப்புடிச் செய்ய வெக்கிற?"

எனக்கு உச்சிக்கு ஏறியது. அறைக் கதவில் ஓங்கி அடித்தேன். எண்ணெய் விட்ட கதவு சத்தமில்லாமல் திறந்து கொண்டது. நெஞ்சை நிமிர்த்தி, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"இனிமே இந்த வீட்டுல என்னக் கேக்காம ஒரு முடிவும் எடுக்கப்படா!"

இருவரும் நிமிரவில்லை. ஸஹ்லா மட்டும் சூட்கேஸ் மூடியை ஒரு நொடி பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கி, காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"உம்மா, ஏதோ சத்தம் கேட்டிச்சா?"

"காத்தாயிருக்கும் மகள்," என்றாள் பாஹிமா.