குசினிக்கு அனுப்பப்பட்ட மொழிபெயர்ப்பாளர்

இயேசு மரி சூசை

குருநகர்,
24.8.1989

அன்புள்ள மகன் தேவராசாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நான் சுகம். முழங்கால் மட்டும் மாரி வருமுன்னரே மாரி வந்துவிட்டது என்கிறது. அங்கே பேர்கனில் நீ உடம்பில் குளிர் படாமலும் ஞாயிறு பூசை தவறாமலும் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று நான் எழுதினால் விசாரிக்கிறேன் என்று அர்த்தம். இரண்டுக்கும் மறுமொழி எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. நீ கொண்டுபோன டிஸ்க் அங்கே திறக்கவில்லை என்றும், நம்முடைய கிணறுகள் உவராவதைப் பற்றி நீ எழுதிய ஆராய்ச்சியின் நாலாம் ஐந்தாம் அத்தியாயங்கள் இங்கே உன் கொம்பியூட்டரின் வயிற்றுக்குள் மட்டுமே இருக்கின்றன என்றும், அவை அடுத்த மாத முடிவுக்குள் வந்து சேராவிட்டால் பேராசிரியர் உன்னைக் கைவிட்டுவிடுவார் என்றும் எழுதியிருந்தாய். தட்டெழுத்து வகுப்பு நடத்தும் அடைக்கலநாதனைக் கூப்பிட்டு இரண்டையும் ஒரு டிஸ்கில் எடுத்து, நாளை வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போகும் பங்குச் சுவாமியிடம் கொடுத்துவிட்டு, பிறகு கொம்பியூட்டரை அடைக்கலநாதனே கொண்டுபோக விடச் சொன்னாய். நான் அவரைக் கூப்பிடவில்லை. என் வீட்டு அலுமாரியை நான்தான் திறப்பேன். நீ எழுதிவைத்த நீலக் கொப்பி இருக்கிறது. எனக்கு இங்கிலீசு தெரியும், வாசிக்கவும் தெரியும். உன் கையெழுத்து விளங்காத இடங்களில் ஊகிக்கவும் தெரியும்.

திங்கட்கிழமை காலை மின்சாரம் வந்ததும் உட்கார்ந்தேன். DIR என்று அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் என்று கொப்பி சொல்லிற்று. முதன்முதல் பழகுகிற ஒருவரிடம் அப்படி வெட்டென்று சொல்வது முறையல்ல என்று ‘தயவுசெய்து’ என்பதையும் இங்கிலீசில் சேர்த்து அடித்தேன். கெட்ட கட்டளை என்று பதில் வந்தது. இந்த வீட்டில் என் கட்டளையைக் கெட்டது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை, உன் அப்பா உட்பட. சரி, உனக்கு மரியாதை பிடிக்காவிட்டால் போ என்று DIR என்று மட்டும் அடித்தேன். அடித்தால், ராசா, நான் உன்னை அப்படியா வளர்த்தேன்? முன் வாசலிலேயே நாற்பது உருப்படி, ஒன்றுக்கு மேல் ஒன்றாய், கிணற்றுக் கணக்கும் கடிதமும் என்னவோ விளையாட்டும். ஒரு அத்தியாயத்துக்குப் பக்கத்தில் DONKEY என்று ஒன்று! இந்தக் குப்பைக்குள்ளே கைவிட்டு எதை எடுப்பது? அறைகள் கட்டுவது எப்படி என்று கொப்பியில் இருந்ததால் கட்டினேன். HALL என்று ஒன்று, சமையல் பக்கத்துக்கு KUSINI என்று ஒன்று. உன் அத்தியாயங்களை ஹோலில் வைத்தேன். விளையாட்டுகளை அழித்தேன், அதைப்பற்றிப் பிறகு ஒன்றும் கேட்காதே. அப்போது பார்த்தால் வாசலிலே COMMAND.COM என்று ஒருத்தர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருக்கிறார். பெயரே சொல்லுகிறது, கட்டளை கேட்டு வேலை செய்கிறவர் என்று. வேலை செய்கிறவருக்கு முன் ஹோலில் என்ன வேலை? அவரையும், அவரோடு நின்ற இன்னும் இரண்டு பேரையும் குசினிக்குப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, வாசலில் நின்றவர்களை அழித்தேன். எல்லாம் துப்புரவாய் இருந்தது. அடுத்தநாள் டிஸ்கில் எடுக்கலாம் என்று மூடிவிட்டு மனநிறைவோடு தேத்தண்ணி குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை திறந்தால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. கட்டளையை மொழிபெயர்க்கிறவர் பழுது, அல்லது அவரைக் காணவில்லை. அவ்வளவுதான். எதை அடித்தாலும் அசையாது. ஐயோ என்று கத்திவிட்டேன். இரண்டு வருசம் நீ வெய்யிலில் சைக்கிளில் திரிந்து அளந்த கிணறுகள் எல்லாம் அதுக்குள்ளே. குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த, எனக்குக் கூடமாட நிற்கிற யோசப்பின், வெட்டின கத்தியோடேயே ஓடிவந்தாள்.

"என்னக்கா, செத்துப்போச்சோ?"

"வாயைக் கழுவு. ஆளைக் காணேல்லையாம்."

"ஆரை?"

"உள்ளுக்கு நிக்கிற ஆளை."

"உள்ளுக்கு ஆளும் நிக்குதோ? ஐயோ, நான் அதுக்கு முன்னாலை நிண்டு எத்தினை தரம் சீப்பாலை தலை இழுத்திருக்கிறன்!"

வேறு வழியில்லாமல் அடைக்கலநாதனைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார், இரண்டு தரம் நிறுத்திப் போட்டார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நான் குசினிக்கு அனுப்பிய விசயத்தை அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, கேளாததற்கு நான் ஏன் சொல்லவேணும்?

"அம்மா, இது டிஸ்க் பழுது. துடைச்சுப்போட்டுப் புதுசா எழுதவேணும்."

"துடைக்கிறதெண்டால்?"

"எல்லாம் போயிடும். பிறகு புத்தம் புதுசு மாதிரி இருக்கும்."

"மகன்ரை அத்தியாயங்கள்?"

"அதுகளும்தான். அதுக்கென்ன, தம்பி கெட்டிக்காரன், திருப்பி எழுதுவான்."

"தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிட்டு வாங்கோ மாஸ்டர். நான் யோசிச்சுச் சொல்லுறன்."

அவர் போனபிறகு யோசித்தேன். தேவராசா, உன் அப்பா முப்பத்தொரு வருசம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். நீ சின்னப்பிள்ளை, உனக்கு ஞாபகம் இராது, ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டார். அன்று நீதவான் வந்தார், பொலிஸ் வந்தது, எதிரியும் கூண்டில் நின்றான். ஆனால் ஒரு சொல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வழியில்லை. வழக்கைத் தள்ளிவைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். அதற்காக நீதவான் பழுது என்று யாராவது சொன்னார்களா? நீதிமன்றத்தைத் துடைத்துப்போட்டுப் புதிதாய்க் கட்டினார்களா? ஆள் கட்டிலில் கிடந்தார், அவ்வளவுதான். இங்கேயும் ஆள் சாகவில்லை, குசினியில் நிற்கிறார், அனுப்பினது நான்.

இதை எழுதும்போது இன்னொன்றும் எழுதவேணும். அப்பாவின் கதிரையையும் நான்தான் முன் ஹோலிலிருந்து எடுத்துக் குசினிப் பக்கம் போட்டேன். பேப்பரைத் தாள் தாளாய்ப் பிரித்துப் போடுவார், வருகிற ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று. மனுசன் பேப்பரையும் தூக்கிக்கொண்டு எழும்பினார். அங்கே போய் இருந்துகொண்டு வாசித்தார். நான் எங்கே நின்று கூப்பிட்டாலும் "ஓம், சொல்லும்" என்று அங்கேயிருந்து குரல் வரும். தலை நிமிராது, ஆனால் குரல் வரும். எண்பத்து நாலாம் ஆண்டு மாசி மாதம் வரைக்கும் வந்தது.

புதன்கிழமை நீலக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். திங்கட்கிழமையே செய்திருக்க வேண்டியது. இதை நீ எனக்குத் திருப்பிச் சொல்லிக்காட்ட வேண்டாம். வாசலில் ஆள் இல்லாவிட்டால் மஞ்சள் ஒட்டுப்போட்ட டிஸ்கை வைத்துத் திறக்கலாம் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. மிக முக்கியமானதைக் கடைசிப் பக்கத்தில் எழுத உனக்கு யார் படிப்பித்தது? வைத்துத் திறந்தேன். இன்று 1980 தை முதலாம் திகதி, செவ்வாய்க்கிழமை என்று சொல்லி, பிழையென்றால் திருத்து என்று கேட்டது. பிழைதான். 23-8-89 என்று அடித்தேன். அப்படியொரு திகதி இல்லையாம். மாதத்தை முன்னுக்குப் போடவேணுமாம். கன்னியர் மடத்தில் எட்டு வருசம் நாளை முன்னுக்கு எழுதப் பழகிய நான் இந்தத் தகரப் பெட்டிக்காக மாற்றி எழுதுவேனா? இரண்டாம் முறையும் அதையே அடித்தேன், அதுவும் அதையே சொல்லிற்று. மூன்றாம் முறை ஒன்றும் எழுதாமல் தட்டினேன், வழிவிட்டது. எண்பதாம் ஆண்டு தை முதலாம் திகதி, புதுவருசப் பூசையால் வந்து நல்ல சேட்டைக் கழற்றாமல் பேப்பர் வாசிக்க இருந்துவிட்டார் என்று அப்பாவை ஏசினேன். சேட்டில் மை பட்டது.

பிறகு குசினிக்குள் போய் COMMAND.COM அவர்களைப் பிரதி எடுத்து, பழையபடி வாசலில் கொண்டுவந்து இருத்தினேன். டிஸ்கை எடுத்துவிட்டு நிறுத்தித் திறந்தேன். கொஞ்சநேரம் கரகரவென்று யோசித்தது. யோசப்பின் தன் செபமாலையை எடுத்துவிட்டாள். C என்ற எழுத்து வந்து நின்றது.

"அக்கா, ஆள் வந்திட்டுதோ?"

"வந்திட்டார். மரியாதையா அவர் இவர் எண்டு கதை. அது இதெண்டு சொல்லாதை."

இரண்டு அத்தியாயங்களையும் இரண்டு டிஸ்கில் எடுத்தேன், ஒன்று பழுதானால் மற்றது. எடுத்ததைத் திறந்தும் பார்த்தேன். உரும்பிராய்க் கிணறுகளுக்கு நீ போட்ட அட்டவணை நன்றாயிருக்கிறது. முன்னுரையில் ஒரு வசனம் ஒன்பது வரி போகிறது, வெட்டு. டிஸ்குகளைப் பிஸ்கற் தகரத்தில் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறேன். நாளைக் காலை சுவாமி கையில் கொடுப்பேன், இந்தக் கடிதத்தோடு.

கொம்பியூட்டரை இருந்தபடியே வைத்திருக்கிறேன், ஒன்றும் மாற்றவில்லை. சனிக்கிழமை அடைக்கலநாதன் வண்டி பிடித்து வருவார், கொண்டுபோகட்டும். எனக்கு அந்த மேசை வேணும். இந்த வயதில் எனக்கு இதெல்லாம் என்னத்துக்கு?

யோசப்பின் உன்னைக் கேட்டதாய் எழுதச் சொன்னாள். தேவமாதா உன் படிப்பையும் உன் நெஞ்சுச் சளியையும் ஒன்றாய்ப் பார்த்துக்கொள்வாளாக.

உன்னை மன்றாட்டில் மறவாத
அம்மா,
செ. அருமைநாயகி

பி.கு. உறையை ஒட்டப் பசை எடுத்த பிறகு எழுதுகிறேன். ஒன்றும் மாற்றவில்லை என்று மேலே எழுதியது பொய். சுவாமி கொண்டுபோகிற கடிதத்தில் அது இருக்கக்கூடாது. கட்டளைக்குக் காத்து நிற்கும்போது அது காட்டுகிற எழுத்தை நாம் விரும்பினபடி மாற்றலாம் என்று பதினோராம் பக்கத்தில் எழுதியிருந்தாய். திறந்தவுடன் அது வாசிக்கிற தாளில் புதிதாய் ஒரு வரி எழுதிவைத்தேன். இப்போது C என்று நிற்பதில்லை. இங்கிலீசு எழுத்தில் ‘ஓம், சொல்லும்’ என்று நிற்கிறது. ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் அப்படியே வந்து நிற்கிறது. அடைக்கலநாதனைச் சனிக்கிழமை வரவேண்டாம் என்று சொல்ல யோசப்பினை அனுப்பிவிட்டேன். அந்த வரியைப் போட்டதிலிருந்து அது என்னிடம் திகதி கேட்பதுமில்லை. தன்பாட்டில் 1980 தை முதலாம் திகதி என்று வைத்துக்கொள்கிறது. பிழை என்று எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை.