உப்புவெளியில் ஊற்றிய சொல்

மனைவியிடம் ஒரு விஷயம் சொல்வதற்காக நாற்பது கிலோமீட்டர் ஜீப் ஓட்டியவன் எங்கள் கொல்சானி ஊரிலேயே நான் ஒருவன்தான். வீட்டில் சொன்னால் பெனீட்டா கதவைச் சாத்திக்கொள்வாள். உயூனி உப்புவெளி நடுவில் கதவுக்கு எங்கே போவாள்?

விஷயம் இதுதான். உப்பு வெட்டி வயிறு நிறையவில்லை. எல்லை தாண்டி, சிலி நாட்டுச் சுரங்கத்துக்கு இரண்டு வருஷம் போவதென்று முடிவு பண்ணிவிட்டேன். அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள். அவளுடைய அண்ணன் அங்கே போய் இருமலோடு திரும்பியவர். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

அதற்கும் வழி வைத்திருந்தேன். பூமித்தாயான மண்ணம்மாவுக்குச் சாராயம் ஊற்றிச் சொன்ன சொல்லை எங்கள் பக்கத்தில் யாரும் மாற்றமாட்டார்கள். முதலில் நான் ஊற்றுவேன், சொல்வேன். ஆச்சு, முடிந்தது.

ஜீப்பை நிறுத்தினேன். கண்ணுக்கு எட்டியமட்டும் வெள்ளை. பிள்ளைகள் இரண்டும் குதித்து ஓடின.

“சாராய பாட்டில் எங்கே?” என்று பெனீட்டாவிடம் கேட்டேன்.

“எங்கிட்டதான் இருக்கு. முதல்ல கிழங்கு தின்னுங்க.”

“சாமி காரியம் முதல்ல.”

“அப்ப பிள்ளைங்க ஊத்தட்டும். வெயில் ஏறினா சிணுங்கும்.”

“அதுங்களுக்கு என்ன தெரியும்?”

“உங்களுக்குத் தெரிஞ்சதுல பாதி தெரிஞ்சாப் போதும்.”

ஆறு வயது டாலியா படையலுக்குக் கோக்கா இலையை உப்பின்மேல் வைத்தாள். சொட்டு சிந்தாமல் ஊற்றினாள்.

“மண்ணம்மா, எங்க அப்பா எங்களை விட்டு எங்கேயும் போகக் கூடாது.”

நாலு வயது எலோய் மிச்சத்தை ஊற்றினான். “சுரங்கத்துக்குப் போகவே கூடாது.”

பெனீட்டா உப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க பூட்ஸுக்குப் புது அடி தைச்சு ஒளிச்சு வச்சப்பவே தெரியும்,” என்றாள். “அண்ணன் கிளம்பினப்ப நான் வாயைத் திறக்கல. அந்தத் தப்பை இன்னொரு தடவை பண்ணமாட்டேன். இந்தாங்க, உங்க பங்கு. சொல்லுங்க.”

பாட்டிலில் அரை மடக்கு இருந்தது. பிள்ளைகள் என் வாயையே பார்த்தன. குனிந்து ஊற்றினேன்.

“உப்பு நல்லா விளையணும்,” என்றேன். வேறு என்ன சொல்ல?

கிழங்கு தின்றோம். நான் போட்ட திட்டம் கவிழ்ந்துபோச்சு. ஆனாலும் நெஞ்சில் ஒரு பாரம் குறைந்த மாதிரி இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். திரும்பும் வழியில் பின்சீட்டிலிருந்து டாலியா கேட்டாள்.

“அம்மா, நான் சரியாச் சொன்னேனா?”

“நாலு நாளா சொல்லிப் பார்த்தியே, எப்படித் தப்பும்?”

நான் ஜீப்பை ஓட்டிக்கொண்டே நாளை எண்ணிப் பார்த்தேன். எல்லாரையும் உப்புவெளிக்கு அழைத்துப் போகும் யோசனை எனக்கே முந்தாநாள்தான் வந்தது.