திறக்காமல் பார்த்த பிரேக்கர்

பயந்தவளிடம் மெஷினைக் கொடுத்தால் ஊரையே பயமுறுத்திவிடுவாள். நானே சாட்சி.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம். சங்ககிரிப் பக்கம் ஒரு துணைமின் நிலையத்தில், ஊர்களுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தவும் விடவும் உதவும் முப்பத்து மூவாயிரம் வோல்ட் பிரேக்கர்களைச் சோதிக்க என்னைத் தனியாக அனுப்பினார்கள். (வேறு ஆள் இல்லை என்பது பிறகு தெரிந்தது.) பிரேக்கரின் பெட்டிமேல் காந்த சென்சாரை ஒட்டி, ஒருமுறை ஆஃப் செய்யச் சொல்ல வேண்டும். அதிர்வைப் பார்த்தே உள்ளே இருக்கும் கோளாறைச் சொல்லிவிடலாம். பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

யார்டுக்குள் நுழைந்ததுமே டிரான்ஸ்பார்மர்களின் 'ம்ம்ம்' சத்தத்தில் கைமுடி நட்டுக்கொண்டது. பிரேக்கர் 'டமார்' என்றதும் நான், அதை ஆஃப் செய்த அந்த நிலையத்துப் போர்மேன் பழனியப்பன் அண்ணனுக்குப் பின்னால் இருந்தேன். எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியாது.

முதல் இரண்டு பிரேக்கர்களுக்கும் மெஷின் திரையில் அதிர்வின் அலை ஒரே மாதிரி வந்தது. மூன்றாவதில், 'டமார்' முடிந்த பிறகும் கோடு கிடுகிடுவென்று ஆடியது.

"மறுபடி ஆன் பண்ணாதீங்கண்ணா! வெடிச்சிரும்!"

"கதவத் தொறந்து பாத்துரலாமுங்களா?" என்றார் அண்ணன்.

"தொறக்காமப் பாக்கறதுக்குத்தானுங்க இந்த மிஷினே!" (திறந்தால் முகத்தில் வெடிக்குமோ என்ற பயத்தை அவரிடம் சொல்லவில்லை.)

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அரைமணி நேரம் போயிருக்கும், மாமாவிடமிருந்து போன். அம்மாவின் தம்பி, நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை.

"சாமி, இங்க கரண்டு போயிருச்சு. ஃபேன் ஓடல. ஜெனரேட்டரும் ரிப்பேர்ல கெடக்குது. ஐயாயிரம் கோழியும் வாயப் பொளந்துட்டு மூச்சு வாங்குது. உன்ர ஆளுககிட்டக் கேட்டுச் சொல்லு."

மாமா ஊர் லைன் நான் நிறுத்திவைத்த அந்த மூன்றாவது பிரேக்கரில்தான் போகிறது. நான்தான் அந்த ஆள் என்று சொல்லாமல், "கேக்கறேனுங்க மாமா" என்று போனை வைத்தேன். ஆன் செய்தால் பழனியப்பன் அண்ணன் போய்விடுவார், செய்யாவிட்டால் மாமாவின் கோழிகள். அழுதே விட்டேன்.

"அழுவாதீங்க அம்மிணி," என்ற அண்ணன், பிரேக்கரை இயக்கும் ஸ்பிரிங்கின் விசையை இறக்கிவிட்டு, என்னைக் கேட்காமலே கதவைத் திறந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

உள்ளே, ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில், ஒரு பித்தளை விபூதிக் கிண்ணம்.

"ஆயுத பூசைக்கு வெச்சதுங்க. இது அடிக்கடி தானா ட்ரிப் ஆயி நின்னுருமுங்க. அதான் மத்ததுக்கெல்லாம் பொட்டு மட்டும், இதுக்குக் கிண்ணத்தோடயே உட்டுட்டோம்."

கிண்ணத்தை எடுத்துவிட்டுச் சோதித்தோம். கிண்ணம் குலுங்கியதைத்தான் மெஷின் காட்டியிருக்கிறது; இப்போது அலை முதல் இரண்டைப் போலவே வந்தது. மாமா ஊருக்குக் கரண்டும் திரும்ப வந்தது. கோழி ஒன்றும் சாகவில்லை. ஆனால் ஒரு வாரம் சரியாக முட்டையிடவில்லை என்று மாமா இன்றும் சாதிக்கிறார்.

நடந்தது முழுக்க அவருக்குத் தெரிந்துபோனதால், இப்போதும் மாமா வீட்டுக்குப் போனால், மூடிய சட்டியை என் முன்னால் வைப்பார். "அம்மிணி, தொறக்காமச் சொல்லு பாக்கலாம், உள்ள என்ன?"

முட்டைக் குழம்பு வாசம் தெருவரைக்கும் வரும். இருந்தும் நான் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.