எல்லாம் பக்கம்தான் என்ற பிளைட்டு அக்கா

உலகத்தின் எந்த மூலையும் கேரள எல்லை ஊரான காரக்கோணத்துக்குப் பக்கம்தான் என்று சாதித்த ஒரே மனுஷி பிளைட்டு அக்கா. அவர் விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தார். விடுமுறைக்கு வந்த வளைகுடாக்காரர் யாராவது கிளாஸைக் கையில் வாங்கியதும் கேள்வி வரும்: "பிளைட்டுல எத்தன மணிக்கூர்?" பதிலைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். "இவ்வளவுதானா? நெய்யாற்றின்கரையில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வாற நேரமாக்கும்!" அப்போது நான் பக்கத்து ஆபீசில் வேலை பார்த்தேன். சாயங்காலம் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி அங்கேதான்.

ஒரு நாள் கொத்தனார் தேவதாசன் முகம் கறுத்து வந்து உட்கார்ந்தார். மகள் ஷைனிக்கு ஆஸ்திரேலியாவில் நர்சு வேலை கிடைத்திருந்தது. பாலைவனத்துக்கு நடுவே ஏதோ ஒரு சின்ன ஊர்.

"விடமாட்டேன் அக்கா" என்று போனை நீட்டினார். திருவனந்தபுரத்திலிருந்து ஏழாயிரம் கிலோமீட்டர், பறக்க ஒன்பது மணி நேரம் என்று போட்டிருந்தது.

அக்கா கிலோமீட்டரைக் கண்டுகொள்ளவே இல்லை. "ஒம்பது மணிக்கூர்தானே? ராத்திரி சோறு தின்னுட்டு கிடந்தா விடியக்காலத்த எறங்கிரலாம்."

"அது நேராப் போனா உள்ள கணக்கு. அங்க நேரா பிளைட்டே கிடையாது. மூணு பிளைட்டு மாறணும்" என்றேன்.

"சாரு சும்மா இரியும்" என்று என்னை அடக்கிவிட்டு தேவதாசன் பக்கம் திரும்பினார். "எலே தாசா, பொழியூர்ல ஒனக்க அக்காள கடைசியா எப்பம் கண்டே?"

தேவதாசன் யோசித்தார். "முந்துன கிறிஸ்மஸுக்கு... இல்ல, அதுக்கும் முந்துன..."

"பஸ்ஸேறுனா போற எடம். இத்தன நாளாட்டும் நீ போய்ச் சேரல்ல. எது மக்கா தூரம்?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே கடையைப் பூட்டிவிட்டு அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினார். சாட்சிக்கு நானும். பாறசாலையில் பொழியூர் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில், அக்காவின் கணக்குப்படி, கொழும்பு போய்த் திரும்பியிருக்கலாம்.

கடலோரப் பொழியூரில், வாசலுக்கு வந்த தேவதாசனின் அக்காள் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "நீ உண்டா இன்னும்?"

வீட்டுக்குப் பின்னால் தேவதாசனே கட்டிக்கொடுத்த அடுக்களையைக் காணோம். மழைக்காலத்தில் கடல் எடுத்துப் போயிருந்தது.

"ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?" என்றார் தேவதாசன்.

"ஷைனிக்குத் தெரியுமே. அவ எல்லா ஞாயிறும் போன்ல விளிப்பா."

திரும்பும் பஸ் பாறசாலை வந்தபோது, "பிள்ள போவட்டும் அக்கா" என்றார் தேவதாசன். மறு வாரம் வேலைச் சாமான்களோடு தனியாகவே பொழியூர் போனார்.

ஷைனியை வழியனுப்ப விமான நிலையம் போனோம். தகப்பன்கூடத் தாங்கிக்கொண்டார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்த பிளைட்டு அக்காதான், பிள்ளை உள்ளே மறைந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். "கொஞ்சம் தூரம் உண்டு சாரே."

வெளியே வந்தோம். கூரைக்கு மேலே ஒரு விமானம் எழும்பியது. அக்கா கையை உயர்த்தி ஆட்டினார்.

"அது வேற பிளைட்டா இருக்கும் அக்கா."

"பிள்ள எதுல இருக்காண்ணு சாருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பம் எல்லாத்துக்கும் கை காட்டும்."

வண்டிகளுக்கு நடுவே நின்று, கிளம்பிய ஒவ்வொரு விமானத்துக்கும் நானும் கை காட்டினேன்.